முள் இறங்கினால் பயப்படு

டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். லைசென்ஸ் வாங்கிய எவருக்கும் தெரிந்த சங்கதி இது. சிவப்புக்குப் பக்கம் போன முள், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாகச் சரசரவென்று இறங்கினால் என்ன அர்த்தம்? 'அப்பாடா, ஆறிவிட்டது' என்று மிதிப்பவருடைய எஞ்சின் கொஞ்ச தூரத்திலேயே இறுகி நின்றுவிடும். திருச்சியில் ரெக்கவரி வண்டி ஓட்டிப் பிழைத்த எங்களுக்கு ஏறுகிற முள் ஒரு எச்சரிக்கைதான். இறங்குகிற முள்ளைக் கண்டால்தான் உயிர் நடுங்கும். காரணம் சுலபம். முள் சொல்வது எஞ்சினின் சூட்டை இல்லை, தன் குமிழ் முங்கியிருக்கும் தண்ணீரின் சூட்டை. தண்ணீர் வற்றிக் குமிழ் வெறும் ஆவியில் நிற்கும்போது, பற்றி எரிகிற எஞ்சினைப் பார்த்தும் அது 'சௌக்கியம்' என்று சொல்லும்.

இந்தப் பாடம் எங்கள் வீட்டுக்கு மோட்டார் வழியாக வரவில்லை. ரயில் வழியாக வந்தது. தென்னிந்திய ரயில்வே தன் பெரிய பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சியின் பொன்மலைக்குக் கொண்டுவந்தது 1928இல். நாகையிலிருந்து மூட்டை கட்டி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தாவும் அப்பாவும் பாய்லர் ஷாப்பில் ஃபிட்டர்கள். சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் தண்ணீர், ஆவி, அழுத்தம் என்றே இருக்கும்.

நீராவி எஞ்சினின் கேபினில் ஏறியவர்களுக்குத் தெரியும், ஃபயர்பாக்ஸுக்கு மேலே, கண்ணுக்கு நேராக இரண்டு சாதனங்கள் இருக்கும். ஒன்று ஆவியின் அழுத்தத்தைக் காட்டும் வட்டத் தட்டு. அதன் வயிற்றுக்குள் வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று; அழுத்தம் ஏற ஏற அந்த வளைவு நிமிரும், நிமிர்ந்த அளவுக்கு முள் நகரும். பிரான்சில் யூஜின் பூர்தோன் 1849இல் உரிமம் வாங்கிய வித்தை. சுதந்திரத்துக்குப் பின் மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய ஒய்பி, ஒய்ஜி எஞ்சின்களில் அந்த முள் நிற்க வேண்டிய இடம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. இரண்டாவது, கேஜ் கிளாஸ். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் செங்குத்தான கண்ணாடிக் குழாய். டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் அழுத்தத்தைவிட இதில்தான் கவலை. ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். அது வெளியே தெரிந்தால் தகடு பழுத்து, இளகி, பாய்லரே வெடிக்கும்.

கேஜ் கிளாஸில் ஒரு வில்லங்கம் உண்டு. நுனிவரை நிரம்பிய கண்ணாடியும், சுத்தமாக வறண்ட கண்ணாடியும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். நடுவில் கோடு தெரிந்தால்தான் மட்டம் தெரியும். கோடு இல்லையென்றால் மேலே போய்விட்டதா, கீழே போய்விட்டதா? அதற்காகக் குழாய்க்குப் பின்னால் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்த பட்டைகள் போட்ட தகடு ஒன்றை வைத்தார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒளி வளைந்து, பட்டைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தாற்போலத் தெரியும். வறண்ட இடத்தில் சாய்ந்தபடியே இருக்கும். அப்பா ஒரு முறை ஷெட்டில் நின்ற எஞ்சினில் என்னை ஏற்றி இதைக் காட்டினார். வால்வைத் திறந்து கண்ணாடியை வடியவிட்டார். பட்டைகள் ஒரு பக்கம் சாய்ந்தன. மூடினார்; தண்ணீர் குபுக்கென்று ஏற, ஏறிய உயரம்வரை பட்டைகள் திரும்பிக்கொண்டன. "கண்ணாடி சொல்றத அப்படியே நம்பாதடா. அதை ஒரு தடவை ஊதிப் பாத்துட்டு அப்புறம் நம்பு" என்றார். எஞ்சினைப் பொறுப்பேற்கும் ஃபயர்மேனின் முதல் வேலையே கண்ணாடியை ஊதிப் பார்ப்பதுதான்.

அதற்கும் மேலே ஒரு காப்பு இருந்தது. கூரைத் தகட்டில் ஈயம் அடைத்த பிளக் ஒன்றை முடுக்கியிருப்பார்கள். தண்ணீர் இறங்கித் தகடு சுட்டால் ஈயம் உருகி, ஆவி பீறிட்டு நெருப்பின் மேல் கொட்டும். பிளக்கை உருகவிட்ட டிரைவருக்கு விசாரணையும் தண்டனையும் நிச்சயம். கண்ணாடி, அதைச் சோதிக்க வால்வு, எல்லாம் பொய்த்தால் ஈயம். ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை ரயில்வே இரும்பிலேயே எழுதி வைத்திருந்தது.

மோட்டார் வண்டி அந்தப் புத்தியோடு பிறக்கவில்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் சூடு காட்டும் மீட்டர் கிடையாது. ஆரம்பத்தில் செய்த கொஞ்சம் வண்டிகளுக்குப் பிறகு வாட்டர் பம்ப்பும் கிடையாது. சூடான தண்ணீர் மேலே போகும், ஆறிய தண்ணீர் கீழே வரும் என்ற இயற்கையை நம்பியே ஓடியது. மூடியிலிருந்து புகை வந்தால் சூடாகிவிட்டது என்று அர்த்தம்! 1912 வாக்கில் நியூயார்க்கில் பாய்ஸ் என்பவரின் கம்பெனி மோட்டோமீட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ரேடியேட்டர் மூடியின் மேலேயே நிற்கும் தெர்மாமீட்டர் அது. ஓட்டுபவர் தன் இருக்கையிலிருந்தே சிவப்புத் திரவம் ஏறுவதைப் பார்க்கலாம். அழகான பொருள், சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். ஆனால் அதுவும் தண்ணீரைத் தொடவில்லை. மேலே தேங்கிய ஆவியின் சூட்டைத்தான் அளந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1911இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் திருச்சிவரை கிளை பரப்பியதன் அடையாளம் 'டிவிஎஸ் டோல்கேட்' என்று ஊர்ப் பெயராகவே நின்றுவிட்டது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்குப் போனபோது, கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டும் கருவியை அந்த நிறுவனமே செய்து விற்றது. பஸ்ஸின் பின்னால் ஒரு ஆள் உயர உருளை, அதில் அடுப்புக்கரி, அதை மூட்டிவிட ஒரு கிளீனர். அந்த வாயுவைக் குளிரவைத்து, தூசி வடிகட்டித்தான் எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். சூடாகப் போனால் இழுவை இருக்காது. பெட்ரோலில் இருந்த பலத்தில் நல்ல பங்கு போய்விடும், மேட்டில் பயணிகள் இறங்கி நடந்தார்கள். கரி பஸ் ஓட்டிய பெரியவர் ஒருவர் எங்கள் பட்டறையில் கடைசிக் காலத்தில் கணக்கு எழுதினார். அவர் வண்டியில் சூட்டு மீட்டர் இருந்தது, வேலை செய்யவில்லை. "கிளீனர் பையன் ரேடியேட்டர்ல கை வெச்சுப் பாப்பான் தம்பி. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவான். மூணு எண்றதுக்குள்ள கையை எடுத்தான்னா நிறுத்திடுவேன்" என்பார். கையும் ஒரு கேஜ்தான்.

போர் முடிந்தபின் வந்தது ஜீப். ராணுவ வில்லிஸ் ஜீப்பின் முகப்பில் ஐந்து வட்டங்கள்: நடுவில் வேகம், சுற்றிலும் பெட்ரோல், ஆம்பியர், ஆயில் பிரஷர், தண்ணீர்ச் சூடு. மஹிந்திரா கம்பெனி 1940களின் கடைசியில் பம்பாயில் ஜீப்பை இணைத்து விற்கத் தொடங்கி, பிறகு இங்கேயே செய்தது. 1960களில் எஃப்சி என்ற பிக்கப்பும் வந்தது. முன்னால் மூக்கு நீட்டாமல், கேபினுக்கு அடியில் சக்கரம். எஞ்சின் டிரைவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில், ஒரு தகரப் பெட்டிக்குள். பழைய ஜீப்புகளும் இந்த பிக்கப்புகளும்தான் முதல் தலைமுறை ரெக்கவரி வண்டிகள். பின்பக்கத்தில் ஆங்கிளை ஏ வடிவத்தில் நிறுத்தி, அதில் செயின் பிளாக் தொங்கவிட்டால் கிரேன் தயார். அம்பாசிடரின் முன்பக்கத்தைத் தூக்கி மாட்டிக்கொண்டு இரண்டாம் கியரில் போய்ச் சேரலாம்.

இந்தத் தொழிலுக்குத் திருச்சி வாகான ஊர். ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். சென்னைப் பக்கமிருந்து வருகிறவர் நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் இரும்புப் பாலம் ஏறி, திருவானைக்காவல் வழியே மாம்பழச்சாலை வந்து, காவிரிப் பாலம் கடந்துதான் அன்று ஊருக்குள் நுழைய வேண்டியிருந்தது. கொள்ளிடத்தின் இரும்புப் பாலமும் பொன்மலைப் பணிமனையைப் போலவே 1928ஆம் ஆண்டுப் பிள்ளை. எதிரும் புதிருமாக இரண்டு பஸ் போனால் நடக்கிறவர் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. அதன்மேல் ஒரு லாரி நின்றுவிட்டால் இரண்டு கரையிலும் ஊரே நின்றது. பக்கத்தில் புதுப்பாலம் 2016இல் திறந்த பிறகு அதற்கு ஓய்வு கிடைத்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது.

பாலத்தில் நின்ற வண்டியை இழுப்பது எஞ்சினுக்கு ஏன் பாரம் என்று சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் வண்டிக்குக் காற்றே பாதி வைத்தியம். ரேடியேட்டருக்குள் தானாகப் புகுந்து ஆற்றிவிடும். இழுவை வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கியர் கீழே, எஞ்சின் சுற்று மேலே, வேகமோ சைக்கிள் வேகம். ஃபேன் தள்ளும் காற்று மட்டும்தான் கதி. சித்திரைத் தேர் அன்று ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில், நாற்பது டிகிரியைத் தொடும் வெயிலில், பின்னால் ஒரு வேனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்ந்தால் முள் கண்ணெதிரே ஏறும். வெளிநாட்டு வழிகாட்டிப் புத்தகங்களில் 'உடனே ஹீட்டரைப் போடவும்' என்று இருக்கும். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் கேபினுக்குள் வந்துவிடும் என்ற கணக்கு. திருச்சியில் ஹீட்டருக்கு எங்கே போவது? மூக்கில்லாத பிக்கப்பில் கேபினே ஹீட்டர்தான்.

அந்த வண்டிகளில் முள்ளுக்கு முன்னால் உடம்பு சொல்லிவிடும். தகரப் பெட்டியை ஒட்டிய முழங்கால் சுடும். ரப்பர் ஹோஸ் வாடை ஒன்று, பெயிண்ட் காயும் வாடை வேறொன்று. பெட்ரோல் எஞ்சினென்றால் மேட்டில் டிக்டிக்கென்று தட்டும். நான் வேலை பழகிய மேஸ்திரி, பேசிக்கொண்டே இருப்பவர் நடுவில் நிறுத்தினால் வாடை பிடிக்கிறார் என்று அர்த்தம்.

பழைய மீட்டர் வேலை செய்யும் விதம் பொன்மலை எஞ்சினின் அழுத்தத் தட்டுக்குத் தம்பி முறை. சிலிண்டர் ஹெட்டில் முங்கியிருக்கும் பித்தளைக் குமிழுக்குள் ஈதர் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவம். அதிலிருந்து முடி போன்ற துளையுள்ள செப்புக்குழாய் டேஷ்போர்டுவரை போகும். தண்ணீர் சுட்டால் உள்ளே ஆவி அழுத்தம் கூடும், மீட்டருக்குள் இருக்கும் பூர்தோன் குழாய் நிமிரும், முள் நகரும். கரண்ட் வேண்டாம், வயர் வேண்டாம். ஆனால் அந்தக் குழாய் ஒரு இடத்தில் மடங்கி விண்டாலும் போச்சு, பிறகு அந்த மீட்டர் வெறும் அலங்காரம்.

பொன்மலைச் சந்தையில் பழைய மீட்டர் வாங்கினால் மேஸ்திரி அதை நேராக டீக்கடைக்குக் கொண்டுபோவார். வடிகட்டிய டீத்தூள் வாடை அடிக்கும் சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது குமிழை உள்ளே விடுவார், சட்டியின் அடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முள் ஏறி எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணாடியின் மேல் சிவப்பு நெயில் பாலீஷால் ஒரு பொட்டு. தட்டில் என்ன எண் அச்சடித்திருந்தாலும் சரி, ஃபாரன்ஹீட்டானாலும் சரி, அந்தப் பொட்டுதான் நூறு டிகிரி. எஞ்சினை மாற்றி டீசல் போட்ட வண்டியில்கூட இந்தப் பொட்டு செல்லும். அப்பா கண்ணாடியை ஊதிப் பார்த்ததும், இவர் குமிழை வேகவைத்ததும் ஒரே வேலை.

அந்தப் பொட்டுக்கும் ஊர்க் கணக்கு உண்டு. திருச்சி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லை. இங்கே தண்ணீர் நூறிலேயே கொதிக்கும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே கொடைக்கானலில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மலையில் நின்ற காரை இறக்கப் போனால் முள் பொட்டைத் தொடும் முன்பே ரேடியேட்டர் பொங்கும். அதைத் தள்ளிப் போடத்தான் அழுத்த மூடி வந்தது. ஸ்பிரிங் வைத்த மூடி உள்ளே ஏழு பவுண்டு அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 111 டிகிரி ஆகும். பதினைந்து பவுண்டு பிடித்தால் 121. சின்ன மூடிதானே என்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், இங்கிலாந்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் மூடி தயாரிப்பு இயந்திரங்களையே வாங்கிவந்து, 1990களில் அமெரிக்க வண்டிகளுக்கு இங்கிருந்து ரேடியேட்டர் மூடி அனுப்பியது. ஆனால் ரோட்டோரத்தில் மூடி தொலைந்தால் நம் ஆட்கள் துணி சுற்றிய கட்டையைத்தான் அடைப்பார்கள். அடைத்த நிமிடமே அந்தப் பதினைந்து பவுண்டும் போய்விடுகிறது.

பிறகு எலெக்ட்ரிக் மீட்டர் வந்தது. கோயம்புத்தூர் பிரிக்கால் போன்ற கம்பெனிகள் 1970களிலிருந்து இந்த மீட்டர்களை உள்ளூரிலேயே செய்தன. செப்புக்குழாய்க்குப் பதில் ஒரு வயர். குமிழுக்குப் பதில், சூடு ஏறினால் மின்தடை குறையும் சென்சார். இதற்குப் பொய் சொல்ல வழிகள் இன்னும் அதிகம். வயர் அறுந்தால் முள் குளிர்ச்சியில் படுத்துக்கொள்ளும். வயர் பாடியில் உரசினால் முழுச் சிவப்பு காட்டும். சூட்டு முள்ளும் டீசல் முள்ளும் சேர்ந்தாற்போல ஏறினால் வண்டிக்குக் காய்ச்சல் இல்லை, மீட்டருக்குச் சீராகக் கரண்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் போய்விட்டது. டேங்க்கில் டீசல் தானாக எப்படி ஏறும்?

ஆகவே பழைய இழுவை வண்டிக்காரர் ஒரு முள்ளை மட்டும் பார்ப்பதில்லை. சூட்டு முள் இறங்குகிறது, கூடவே ஆயில் பிரஷர் முள்ளும் இறங்குகிறது என்றால் ஆயில் தண்ணியாக இளகிவிட்டது, எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. சூட்டு முள் இறங்கியும் ஆயில் முள் திடமாக நின்றால் வயரைப் பார். இரண்டும் ஒத்துப் பேசுகின்றனவா என்பதுதான் கேள்வி. லாரியென்றால் மூன்றாவதாக இழுவை: மிதித்த அளவுக்கு இழுக்கவில்லையென்றால் எந்த முள் என்ன சொன்னாலும் நிறுத்து. நிறுத்திய பிறகும் அவசரம் கூடாது. நனைந்த சாக்கைப் போட்டு மூடியை முதல் திருகு மட்டும் திருகி ஆவியைப் போகவிடணும். எஞ்சின் தணிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றணும். பழுத்த இரும்பில் குடத்தைக் கவிழ்த்தால் ஹெட் வெடிக்கும்.

ஊற்றும் தண்ணீரிலும் சரித்திரம் இருக்கிறது. மாம்பழச்சாலையில் நின்றால் காவிரித் தண்ணீர் கைக்கெட்டும் தூரம். அந்தக் காலத்து டிரைவர்கள் அதைத்தான் பிடித்து ஊற்றினார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்து போர்த் தண்ணீர் வந்தது. அதன் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்து அடைத்தது. அடைப்பெடுத்து ஈயம் பற்றவைக்க அரியமங்கலம் பக்கம் ரேடியேட்டர் பட்டறைகள் பிழைத்தன. ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது, 'சூடாகுது' என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது என்று கைவைத்தியங்களும் வளர்ந்தன. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடே ஏறாமல் ஓடும், டீசல் சரியாக எரியாது, தேய்மானம் கூடும். முள் மட்டும் எப்போதும் கீழேயே இருக்கும், முதலாளிக்கு நிம்மதி.

2010ஐ ஒட்டி நாற்கரச் சாலை வந்ததும் தொழிலின் முகம் மாறியது. 1033க்குப் போன் செய்தால் டோல்கேட்டிலிருந்து கிரேன் வருகிறது. காரைத் தரையில் இழுக்காமல் அப்படியே மேலேற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் வந்துவிட்டது. செயின் பிளாக் ஜீப்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. புது வண்டிகளின் மீட்டரும் மாறிவிட்டது. பல வண்டிகளில் தண்ணீர் 75 டிகிரியோ 105 டிகிரியோ, முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி கம்ப்யூட்டரில் எழுதிவைத்திருக்கிறார்கள். முள் ஆடினால் வாடிக்கையாளர் பயந்து சர்வீஸ் சென்டருக்கு வருகிறாராம். சிலவற்றில் முள்ளே கிடையாது, ஒரு நீல விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. ஊதிப் பார்க்க வால்வும் இல்லை, கொதிக்கும் சட்டியில் முக்கக் குமிழும் இல்லை.

புது மீட்டரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் என் முழங்காலைவிட நுணுக்கமாகச் சூட்டை அறியும். தேவைப்பட்டால் எஞ்சின் பலத்தைத் தானே குறைத்துக் காப்பாற்றும். அது அறிந்ததை ஓட்டுபவருக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். திருச்சியில் 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் பழைய எஞ்சின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டுகிறவரின் சந்தேகத்துக்கு இடம் கொடுத்துச் செய்த இயந்திரம் அது என்று யாராவது அவர்களுக்குச் சொன்னால் நல்லது. கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு யோசனை: மைலேஜ் கேட்ட கையோடு, 'கூலன்ட் மட்டம் இறங்கினால் தனி விளக்கு எரியுமா, இல்லை சூட்டை மட்டும்தான் காட்டுமா?' என்று கேளுங்கள். சூட்டை மட்டும்தான் என்று பதில் வந்தால், காலையில் வண்டி எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து டப்பாவில் மட்டம் பார்ப்பதை உங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சாட்சிக்கு அதைவிட மலிவான வழி இல்லை.